ஊளையிடும் காற்று: கேள்வி-பதில்

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பி, காற்றடித்தால் 'ஊய்ங்' என்கிறதே. கம்பி அதிர்வதாலா?
– வாசகி, தென்காசி

கம்பி அசையவே வேண்டாம். இறுக்கிக் கட்டிய இரும்புத் தடியும் பாடும். மோதிய காற்றால் கம்பியின் முதுகுப்பக்கம் வளைந்து ஒட்டிப் போக முடியாது. பிய்த்துக்கொண்டு மேலே ஒரு சுழல், கீழே ஒரு சுழல் என மாறிமாறிக் கழல்கிறது. ஒவ்வொன்றும் கழலும்போது கம்பிக்கு ஒரு தள்ளு. கம்பி காற்றைத் திருப்பித் தள்ளுவதுதான் நம் காதில் விழுகிறது. 1878-இல் செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹல் இந்தச் சுருதிக்குக் கணக்கே கண்டார்: வேகத்தைத் தடிமனால் வகுத்து, 0.2-ஆல் பெருக்குங்கள். 3 மி.மீ. கம்பி, நொடிக்கு 6 மீட்டர் காற்று என்றால் 400 ஹெர்ட்ஸ். காற்று ஏற ஏற சுருதியும் ஏறும்.

எங்கள் பழைய வீட்டில் ராத்திரியானால் ஏதோ ஊளையிடுகிறது. பேயா?
– வாசகர், காரைக்குடி

ஜன்னல் இடுக்கை அடையுங்கள். பேய் காலி செய்துவிடும்.

காரில் பின் ஜன்னல் ஒன்றை மட்டும் இறக்கினால் காது 'தப் தப்' என்று அடைக்கிறதே?
– வாசகர், ஓசூர்

ஜன்னல் விளிம்பில் உருளும் சுழல்களும் காருக்குள் இருக்கும் காற்றும் தாளம் சேர்ந்துவிடுகின்றன. காலி பாட்டில் வாயில் ஊதுவதும் இதே வித்தைதான். இன்னொரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். தாளம் தப்பும், காது தப்பிக்கும்.

கார் கூரையில் கேரியர் மாட்டலாமா?
– வாசகர், கோவை

மாட்டலாம், ஊருக்குப் போய் வந்ததும் கழற்றுவதாக இருந்தால். கேரியர் கம்பியும் காற்றில் பாடும்; வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சத்தத்தின் ஆற்றல் சுமார் 64 மடங்காகும். மணிக்கு 60 கி.மீ.-க்கு மேல் போகாதீர்கள் என்று சொல்வது பெட்ரோலுக்காக மட்டுமல்ல!

ஆந்தை பறப்பது ஏன் கேட்பதில்லை?
– மாணவி, ஏற்காடு

அப்படிக் கேளுங்கள்! அதன் சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் வரிசை. வரும் காற்றைச் சிறுசிறு இழைகளாகப் பிரிக்கும். மேல்பரப்பு வெல்வெட். பின்விளிம்பில் மெல்லிய குஞ்சம். காற்று 'சடக்'கென்று விளிம்பைத் தாண்டாமல் நைசாக நழுவும். எலிக்குக் கேட்பதற்குள் எலி இல்லை. பறவைப் பிரியரான ஜப்பானியப் பொறியாளர் எய்ஜி நகாட்சு இதைக் கவனித்தார். 1997-இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை புல்லட் ரயிலின் கூரையில் மின்கம்பியைத் தொடும் கையான பான்டோகிராஃபுக்கு ஆந்தையின் பல் வந்தது. மணிக்கு 300 கி.மீ. ரயிலுக்கு வாத்தியார் ஒரு ஆந்தை! இனி அதை அபசகுனம் என்பவர்கள் இந்தப் பக்கத்துக்குக் கேள்வி அனுப்ப வேண்டாம்.

காற்றாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். இரவில் 'வூஷ், வூஷ்' என்று தூக்கம் கெடுகிறது. பிரமை என்கிறார்கள்.
– வாசகி, ஆரல்வாய்மொழி

பிரமை இல்லை அம்மா. இறக்கையின் நுனிப்பகுதி மிக வேகமாகச் சுற்றுகிறது. கொந்தளிக்கும் காற்று அதன் பின்விளிம்பைத் தாண்டும்போதுதான் இந்த இரைச்சல். இரவில் தரையில் காற்று அடங்கி மேலே வீசும். மற்ற சத்தங்களும் ஓய்ந்திருக்கும். அதனால்தான் அப்போது உறைக்கிறது. உலக சுகாதார நிறுவனமே 2018-இல் ஐரோப்பாவுக்கான வழிகாட்டுதலில் காற்றாலைச் சத்தத்துக்கு 45 டெசிபலுக்குக் குறைவான சராசரி அளவைப் பரிந்துரைத்தது. பின்விளிம்பில் ரம்பப்பல் பட்டை ஒட்டலாம். இரவில் சுழற்சியைக் குறைக்கலாம். இரண்டும் நடைமுறையில் உள்ளவை. சத்தத்தை அளக்க வருபவர்களைப் பகலில் அளந்துவிட்டுப் போக விடாதீர்கள். ராத்திரி, உங்கள் வாசலில் வைத்து அளக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். மின்சாரம் நமக்கு வேண்டும். உங்கள் தூக்கமும் வேண்டும்.