எவ்ரிஒன் அண்ணாச்சி

கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் திறக்க மறுத்தால், தென்காசிக்காரர்கள் முதலில் அதை அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். அடுத்து மவுஸைத் தட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் அண்ணாச்சிக்கு ஆள் அனுப்புவார்கள்.

அண்ணாச்சி என்று நான் சொல்வது ஒரே ஆளை அல்ல. மேலகரத்தில் ஒருவர், இலஞ்சியில் ஒருவர், தென்காசிக்குள் வீதிக்கு ஒருவர் என்று பரவலாக இருக்கிறார்கள். அநேகமாகப் பணி ஓய்வு பெற்றவர்கள். வாத்தியார் வகை உண்டு, பேங்க் வகை உண்டு. அவர்களிடம் சுவாரசியம் கம்மி. அசல் சரக்கு தாலுகா ஆபீஸ் வகைதான். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம் என்று முப்பது வருஷம் உழன்றுவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாள் பொழுது போகாமல் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர், எழுந்திருக்கும்போது தெருவுக்கே வைத்தியர் ஆகியிருப்பார்.

ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில், கழுத்துக் கயிற்றோடு ஒரு பென்டிரைவ். கக்கத்தில் ஏதோ ஒரு வருஷத்து ஓசி டைரி. அதில் கம்ப்யூட்டர் கட்டளைகளெல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கும்: ‘டேக் ஓன், ஒரு இடைவெளி, சாய்வுக் கோடு, எஃப்.’ சாய்வுக் கோடு இடப்பக்கம் சாயுமா வலப்பக்கம் சாயுமா என்பதற்குத் தனியாகப் படம் போட்டு, பக்கத்தில் அம்புக்குறியும் போட்டிருப்பார்.

வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். விசாரணை நடக்கும். “கடைசியா யாரு தொட்டது? என்னைக்கு? அப்ப கூட யாரு இருந்தா?” வீட்டுக்காரர் பேரனைப் பார்ப்பார், பேரன் பாட்டியைப் பார்ப்பான், பாட்டி அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். எல்லார் வாக்குமூலமும் வாங்கியான பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போடச் சொல்வார். மேஜைக்குப் பக்கத்தில் ஒருத்தரும் நிற்கக் கூடாது.

ஐந்தருவி ரோட்டில் ஒரு வீடு. மாடியைச் சீசனுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள். ஆடி மாதம். மலையில் நல்ல மழை, பேரருவியில் வெள்ளம், போலீஸ் குளிக்கத் தடை போட்டிருந்தது. மாடியில் மதுரைக்காரர்கள் எண்ணெய் தேய்த்த தலையோடு காத்துக்கொண்டிருந்தார்கள். கீழே வீட்டு அம்மா அழாத குறையாக நின்றாள். மகளுக்கு வளைகாப்பு, கல்யாணப் போட்டோவை எடுத்துப் படம் ஓட்ட வேண்டும். பழைய கம்ப்யூட்டர் செத்துப்போய், அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி ஒரு பெட்டிக்குள் போட்டு, புது லேப்டாப்பில் ஒயரால் மாட்டியிருந்தார்கள். கல்யாண ஃபோல்டரைத் தொட்டால், ‘திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது.

“எங்க வீட்டுக் கல்யாணம், எங்க போட்டோ. எங்களுக்கே அனுமதி இல்லன்னா என்ன அண்ணாச்சி அநியாயம்!”

அண்ணாச்சி பதறவில்லை. ஃபோல்டர் மேல் வலது பொத்தானை அமுக்கினார். ப்ராப்பர்ட்டீஸ், அதில் செக்யூரிட்டி, அதற்குள் அட்வான்ஸ்டு. மேலே ஓனர் என்று ஒரு வரி வரும். பேர் இருக்கவேண்டிய இடத்தில், எஸ்-1-5-21 என்று ஆரம்பித்து ஒரு முழ நீளத்துக்கு எண்.

“யாரு அண்ணாச்சி இவன்? வைரஸா?”

“ஒன் மவன்தான் தங்கச்சி.”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி விளக்கினார். பழைய கம்ப்யூட்டரில் கணக்கு மகன் பேரில் இருந்தது. விண்டோஸ் பேரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நீள எண் கொடுத்து, அந்த எண்ணைத்தான் ஃபோல்டரின் ஓனராக எழுதி வைக்கிறது. அந்த எண் யாருடையது என்று பழைய கம்ப்யூட்டருக்குத் தெரியும், இதற்குத் தெரியாது.

“இதுலயும் அவன் பேருதான அண்ணாச்சி போட்டிருக்கு?”

“பேரு ஒண்ணா இருந்தா ஆச்சா? தென்காசில காசிவிஸ்வநாதன்னு எத்தன பேரு! எல்லாருக்கும் ஒரே பட்டாவா?”

இந்த இடத்தில் அண்ணாச்சியை மெச்சத்தான் வேண்டும். ஓனர் வேறு, திறக்கும் உரிமை வேறு என்பதைப் படித்த பிள்ளைகளுக்கே புரியவைப்பது சிரமம். ஓனராக இருப்பவருக்கு அந்த ஃபோல்டரைத் திறக்கும் உரிமை இல்லாமலே போகலாம். ஆனால் உரிமைப் பட்டியலைத் திருத்துகிற அதிகாரம் எப்போதும் அவர் கையில் இருக்கும். பட்டா ஒருவர் பேரில், அனுபவம் இன்னொருவர் கையில் என்று ஆயிரம் நிலத்தைப் பார்த்தவருக்கு இது பாலபாடம். தாய் ஃபோல்டரின் உரிமை பிள்ளை ஃபோல்டருக்கு இறங்குவதை ‘வாரிசு’ என்பார். மறுப்பு என்று ஒரு வரி தனியாக எழுதியிருந்தால் அது ‘வில்லங்கம்’. அனுமதியும் மறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மறுப்புதான் ஜெயிக்கும் என்பதால், முதலில் வில்லங்கம் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார்.

அன்றைக்கு அவர் சொன்ன உதாரணம் இன்னும் மேல். “2019 நவம்பர் 22-ல நம்ம ஊரு தனி ஜில்லா ஆச்சுல்லா? அதுக்கு முந்துன ஃபைல்ல எல்லாம் திருநெல்வேலி சீல்தான இருக்கும். அதுக்காக இங்க உள்ள ஆபீசர் தொறக்கக் கூடாதா? தொறக்கலாம். ஆனா முதல்ல சார்ஜ் எடுக்கணும். இப்ப நாம சார்ஜ் எடுக்கப்போறோம்.”

ஓனர் பக்கத்தில் சேஞ்ச், புது லேப்டாப்பில் இருக்கிற கணக்கின் பேர். ‘உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் ஓனரை மாற்று’ என்ற கட்டத்தில் ஒரு டிக். ஓகே. திரையில் ஃபைல் பேர்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. முகூர்த்தம் தாண்டி, பந்தி தாண்டி, மறுவீடு வரை ஓடின. மாடியிலிருந்து ஒரு மதுரைக்காரர் பாதிப்படி இறங்கி வந்து, “அருவில விடுறாங்களா சார்?” என்று கேட்டார். அண்ணாச்சி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “இன்னும் பாதி இருக்கு” என்றார்.

உரிமைப் பட்டியலிலும் அதே பேரைச் சேர்த்ததும் ஃபோல்டர் திறந்தது. அந்த அம்மா ஒரு தட்டு மங்குஸ்தானைக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணாச்சி பணம் வாங்கமாட்டார். சீசன் பழம், இரண்டு தரம் காப்பி. மழை நேரமாக இருந்தால் மூன்று.

இதோடு எழுந்து போயிருந்தால் அவரைப் பற்றி நான் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. போகிற போக்கில் ஒரு காரியம் செய்வார். இனிமேல் இந்தத் தொல்லை வரவே கூடாது என்று, உரிமைப் பட்டியலில் ‘எவ்ரிஒன்’ என்று அடித்து, ‘ஃபுல் கன்ட்ரோல்’ என்பதில் டிக் போட்டுவிடுவார். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். மாடிக்கு வருகிற சீசன்காரர்களின் ஆதார் நகல் இருக்கிற ஃபோல்டர் ஆனாலும் அதுதான் வைத்தியம். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு சென்ட் நிலம் புறம்போக்கு ஆகிவிடாமல் காவல் காத்த மனிதர், கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் வீடு வாசல் தோட்டம் துரவு எல்லாவற்றையும் புறம்போக்கு ஆக்கிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். கேட்டால், “நம்ம வீட்டுக்குள்ள யாருக்கு யாரு மறைக்க?” என்பார்.

இதன் உச்சத்தை ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில் பார்க்கலாம். அவருக்கு ஒரு ஃபோல்டரும் தகராறு இல்லை, மானப் பிரச்சினை. “நான்தான் அட்மின். என் கம்ப்யூட்டர்ல என்கிட்டயே ‘இதைச் செய்ய அனுமதிக்கிறீர்களா’ன்னு கேக்குது. நான் எந்தப் பையன்கிட்டயும் அனுமதி கேட்டவன் இல்ல.” 2007-ல் விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸின் வழக்கம் அது. அட்மின் உள்ளே நுழையும்போது இரண்டு சீட்டு எழுதும். ஒன்று சாதாரண ஆளின் சீட்டு, இன்னொன்று அட்மின் சீட்டு. அன்றாட வேலை முழுக்கச் சாதாரணச் சீட்டில்தான் நடக்கும். பெரிய காரியம் வரும்போது மட்டும் கேட்டுவிட்டு மற்றதை எடுக்கும். திருட்டு மென்பொருள் ஒன்று உள்ளே வந்தால், அதுவும் அட்மின் சீட்டோடு சுற்றக் கூடாது என்பதற்காக. இதைத் தலைமையாசிரியரிடம் சொன்னால், “அப்ப என்னைத் திருடன்னு சந்தேகப்படுதா?” என்பார்.

அண்ணாச்சி அங்கே போய் சி டிரைவ் முழுவதற்கும் சார்ஜ் எடுத்தார். விண்டோஸின் சொந்த ஃபைல்களுக்கு ‘ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்று ஒரு தனி ஓனர் உண்டு. அட்மினுக்கே அங்கே படிக்கத்தான் உரிமை. அந்த ஓனரைக் கிளப்பிவிட்டு, பழைய பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டு, எவ்ரிஒன் என்று ஒற்றை வரி எழுதினார். மறுநாள் காலை தலைமையாசிரியர் கம்ப்யூட்டரைப் போட்டால், ஸ்டார்ட் பொத்தான் அமுங்குகிறது, எதுவும் எழும்பவில்லை. அண்ணாச்சி வந்தார், பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இனி ஃபார்மட்டுதான் சார்.” துஷ்டி வீட்டில் பேசுகிற குரல்.

விண்டோஸ் 98-ஐப் பற்றிப் பேசினால் மட்டும் அவர் முகம் மலரும். “அதுல இந்தப் பூட்டுச் சாவிக் கதையெல்லாம் உண்டா?” உண்மைதான். அந்தக் காலத்து ஃபேட் முறையில் ஃபைலுக்கு ஓனர் என்று எழுதிவைக்க இடமே கிடையாது. ஓனரை எழுதிவைக்கிற என்டிஎஃப்எஸ் முறை 1993-லேயே ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு வந்துவிட்டாலும், வீட்டுக்குள் நுழைந்தது 2001-ல் எக்ஸ்பியோடுதான். பென்டிரைவ்கள் இன்றும் பெரும்பாலும் ஃபேட் வம்சம். அதனால்தான் அவருக்குப் பென்டிரைவ் மேல் அத்தனை பாசம். ஒரு ஃபைலை அதில் ஏற்றி இறக்கினால் பழைய உரிமையெல்லாம் கழன்று, இறங்கிய ஃபோல்டரின் உரிமை ஒட்டிக்கொள்ளும். கைவைத்தியம் என்றாலும் வேலை செய்கிற வைத்தியம். 4 ஜிபிக்கு மேலான கல்யாண வீடியோவை ஃபேட் 32 பென்டிரைவ் வாங்கிக்கொள்ளாது என்பது வேறு விஷயம். அதற்கும் அவர் பென்டிரைவ் கடைக்காரரைத்தான் திட்டுவார்.

அவர் தோற்ற இடமும் உண்டு. 2011-லிருந்து அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி நம் ஊர் பீரோக்களின் மேல் நிறையக் கிடக்கிறது. விண்டோஸோடு பாஸ் என்கிற லினக்ஸும் சேர்ந்து வந்தவை உண்டு. ஒரு பெண்பிள்ளை அதை பாஸில் திறந்துவைத்து, “மாமா, விண்டோஸ் பக்கம் இருக்கிற ஃபோல்டர்ல படிக்க முடியுது, எழுத முடியல” என்றாள். அண்ணாச்சி வலது பொத்தானை அமுக்கினார். செக்யூரிட்டியும் இல்லை, அட்வான்ஸ்டும் இல்லை. எவ்ரிஒன் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. விண்டோஸை முழுசாக அணைக்காமல் தூங்கவிட்டு மூடியிருந்தாள். அப்படி மூடினால் அது பாதி வேலையோடு உறங்குகிறது என்று லினக்ஸ் கைவைக்காது, படிக்க மட்டும் விடும். விண்டோஸுக்குப் போய் ஒழுங்காக அணைத்துவிட்டு வந்தால் தீர்ந்தது. இதைச் சொன்னது மத்தளம்பாறையில் வேலை பார்க்கிற ஒரு பையன். ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனி 2011-ல் இந்தப் பக்கம் வந்த பிறகு, சட்டைக் கையை மடித்துவிட்டு சைக்கிளில் போகிற எந்தப் பையன் என்ன எழுதுகிறான் என்று சொல்லமுடியாமல் ஆகிவிட்டது. அவன் நின்றவாக்கில் சொல்லிவிட்டு, காப்பிகூட வேண்டாம் என்று போய்விட்டான். தெருவில் யாருக்கும் அவன் மேல் நம்பிக்கை வரவில்லை. உட்காராமல், விசாரிக்காமல், யாரையும் திட்டாமல் ஒருத்தன் என்ன ரிப்பேர் பார்த்துவிட முடியும்?

அண்ணாச்சிக்கு இப்போது புதுத் தொல்லை எனிடெஸ்க். வீட்டுக்காரர் மகன் பெங்களூரில் இருந்தபடியே தென்காசிக் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடுகிறான். போன வாரம் ஒரு வீட்டில் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அம்பு தானாக நகர்ந்தது. ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஓனர். “வரிசை சரிதான்” என்று தலையாட்டினார். உரிமைப் பட்டியல் வந்ததும் முன்னால் குனிந்தார். மகன் எவ்ரிஒன் போடவில்லை. தன் பேரை மட்டும் அடித்து, ஓகே கொடுத்துவிட்டு மறைந்துவிட்டான்.

அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்தார்.

“பாத்தியா தங்கச்சி, அவன் பேர மட்டும் போட்டுட்டுப் போறான். நாளைக்கு அவன் அமெரிக்கா போயிருவான். ராத்திரி பன்னெண்டு மணிக்கு மீட்டிங்ல இருப்பான். ஒம் பேத்தி போட்டோவ நீ எப்படிப் பாப்ப?”

அந்த வீட்டு அம்மா யோசித்தாள். “அதான அண்ணாச்சி!”

“சரி, அந்த கீபோர்ட இங்கன தள்ளு. காப்பில சீனி கம்மியாப் போடச் சொல்லு.”