திண்டுக்கல் வட்டாரத்தில் சூடான காற்றின் மேலெழுச்சி: ஒரு பன்முக நோக்கு

சூடான காற்று மேலே போகும் என்பது, அண்டாவின் மூடியைத் திறந்ததும் பிரியாணி மாஸ்டர் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதிலேயே விளங்கிவிடும். விளங்கிய செய்தியை விளங்காதபடி நீட்டுவதே ஆய்வு என்பதால் ஈண்டு அது மீளாய்வுக்கு உட்படுத்தப்படுகிறது.

மேலெழுவன நால்வகைப்படும்: ஆவி, புகை, பலூன், தக்காளி விலை. நான்காவது ஒட்டன்சத்திரம் சந்தைக்கு உரியது. நம் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆவி, காற்றைவிட லேசானது. சூடு வேறு சேர்ந்துகொள்கிறது. புகை குறித்து மட்டும் சற்று விரிக்கலாம். 1783இல் பிரான்சில் வெப்பக்காற்று பலூனை ஏற்றிக்காட்டிய மோன்கோல்ஃபியே சகோதரர்கள், தூக்குவது சூடல்ல, புகையே என்று நம்பி வைக்கோலையும் கம்பளியையும் எரித்தனர். அந்த நம்பிக்கையோடே ஓர் ஆட்டையும் வாத்தையும் சேவலையும் அரசர் முன்னிலையில் வானுக்கு அனுப்பினர். கருதுகோள் தவறாக இருப்பது பட்டத்துக்குத் தடையல்ல என்பதற்கு இதுவே முன்னோடி.

சங்கச் சான்று தேடாத ஆய்வுக்குப் பதவி உயர்வுப் புள்ளி கிடையாது. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் ஓட்டுநர் தேவைப்படாத வான ஊர்தி வருகிறது. நல்வினை செய்தோர் அதில் மேலுலகம் போவதாகத்தான் பாட்டு சொல்கிறது; அது இடைஞ்சலான தகவல், அடிக்குறிப்பில் ஒளித்துவிடலாம். வெப்பக்காற்று பலூனில் ஓட்டுநர் இருந்தாலும் இடம் வலம் திருப்ப முடியாது. ஏறலாம், இறங்கலாம், காற்று இழுத்த பக்கம் போகலாம். ஆகவே அவர் இருந்தும் இல்லாதவர். ஆகவே அது பலூனே. ஆகவே 2015இல் பொள்ளாச்சியில் தொடங்கிய பலூன் திருவிழா ஈராயிரம் ஆண்டு மரபின் தொடர்ச்சி எனத் துணியலாம்.

ஏறும் முறை யாதெனின், சூடான காற்றுக்கு மேலே போகும் ஆசையே கிடையாது. சுற்றியுள்ள கனத்த காற்று அடியில் புகுந்து அதை நெட்டித் தள்ளுகிறது. பழனி பஸ்ஸில் ஒல்லிப் பயணி கால் வைக்காமலே படியேறிவிடுவது போல. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ, 100 டிகிரியில் 0.95 கிலோ. மிச்சப்படும் 200 கிராம் சொச்சம்தான் தூக்கும் திறன். 70 கிலோ ஆய்வாளர் ஒருவரைத் தூக்கவே 300 கனமீட்டருக்கு மேல் வேண்டும். கூடையும் துணியும் கேஸ் சிலிண்டரும் தனிக் கணக்கு. கனமில்லாதது மேலே போகும் என்பதைத் துறைத் தலைவர்கள் பட்டியல்கொண்டு நிறுவ ஒருவர் முயன்றார். அவர் ஆய்வேட்டில் இன்னும் கையெழுத்து விழவில்லை.

இனி இவ்வாய்வின் உயிர்நாடியான கொடைக்கானல் முரண். சூடான காற்று மேலே போகிறது. கொடைக்கானல் மேலே இருக்கிறது. எனில் மே மாதத்தில் கொடைக்கானல் கொதிக்க, திண்டுக்கல்லில் அல்லவா ஸ்வெட்டர் விற்க வேண்டும்? இதற்கு மூன்று விடைகள் உள. சூடு வத்தலக்குண்டிலேயே இறங்கிவிடுகிறது என்பர் ஒரு சாரார் (காண்க: பேருந்து நிலையச் சுவர், வெள்ளையடிப்பதற்கு முந்தைய பதிப்பு). இறங்கவில்லை, மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்து வெளியேறுகிறது என மறுப்பர் ஜன்னலோர மரபினர் (காண்க: டீக்கடைப் பெஞ்சுச் சுவடி, கால் ஆடும் பக்கம், வரி தேயும் இடம், அதே சுவடி, டீக்கறை உரை, அவ்வுரைக்கு வடைத்தாளில் கிடைத்த மறுப்புரை, எண்ணெய் ஊறாத பகுதி மட்டும்).

மூன்றாம் விடை வருமாறு: மேலே அழுத்தம் குறைவு. ஏறும் காற்று விரிகிறது. விரிவதற்குத் தன் சூட்டையே செலவழிக்கிறது. ஈரமில்லாக் காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி இழக்கும். மேலே போகப்போக வளிமண்டலத்தில் சராசரியாகக் குறைவது 6.5. திண்டுக்கல் 300 மீட்டருக்குள், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர்; ஆக 12 டிகிரி போல இறங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரிந்துவிடுகிறபடியால் இவ்விடையைக் கருத்தரங்க மலர்க் குழு ஏற்கவில்லை. கட்டணத்தைத் திருப்பித் தரவுமில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் கேட்ட ஒரே கேள்வி, கீழ்த்தளத்தில் திறந்த பிரியாணியின் வாசம் இரண்டாம் மாடிக்கு எப்படி வந்தது என்பது. அதைத் தனி முனைவர் பட்டத்துக்குரிய தலைப்பாகப் பரிந்துரைத்துவிட்டு, பதில் வருமுன்னே படியிறங்கிவிட்டார்.