கறிவேப்பிலையின் அடக்க விலை

2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியதும் வீட்டுக்கு வீடு சிக்கன ஞானிகள் உதித்தார்கள். செல்போனில் மைலேஜ் செயலி, பையில் குறிப்பேடு. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுப்பதுதான் முறை. நம்மவரோ எப்போதும் “நூறு ரூபாய்க்குப் போடுங்கண்ணே” ரகம். ஈவு வரும், அர்த்தம் வராது.

ஆனாலும் தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை துல்லியம்! அந்தத் துல்லியத்தோடு தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டர் கிளம்பும். சூடேறாத இன்ஜின் கூடுதலாகக் குடிக்கும் என்பது குறிப்பேட்டில் ஏறாது. கொசுறாக வரும் கறிவேப்பிலைக்குப் போக்குவரத்துச் செலவு தனி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் பயணம் இலவசம். இருந்தும் அம்மணியைச் சந்தையில் கொண்டுபோய் விடுவது குடும்பக் கௌரவம். விடியற்காலையில் பூங்கா வரை கார். உள்ளே போனதும் நடைப்பயிற்சி.

“வண்டி எடுப்பதைக் குறைத்தால் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள்.

“ஓட்டாமலே இருந்தா ஆவரேஜ் எப்படி சார் பார்க்கிறது?” என்பார்.