சீனத்து அந்தப்புரமும் சொந்த மனையும்

உத்திரமேரூர்ப் பக்கம் புதுவீடு கட்டியவர்களில் இவர் தனி ரகம். வீட்டுக்கு யார் வந்தாலும், சிலிண்டர் போட வரும் பையன் உட்பட, முதலில் ஹால் சுவரைப் பார்த்தாக வேண்டும். தண்ணீர்ச் செம்பு அப்புறம்தான் வரும். ரவிவர்மா லட்சுமியும் சிவகாசி காலண்டர் முருகனும் பூஜை அறைக்கு மாற்றலாகிப் போக, அந்த இடத்தில் சீனத்து அரண்மனைப் பெண்கள் நிற்கிறார்கள். தேர்ந்தெடுத்தது ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகன். பணம் கொடுத்தது இவர். எவ்வளவு என்பது மட்டும் ராணுவ ரகசியம்.

“எட்டாம் நூற்றாண்டு! தாங் அரசர் காலம். சௌ ஃபாங் வரைஞ்சதுன்னு சொல்றாங்க. ஒரிஜினல் பட்டுத் துணியில இருக்கு, லியாவ்நிங் மியூசியத்துல” என்று ஆரம்பிப்பார். மலை மாதிரிக் கொண்டை, அதன் உச்சியில் ஒரு முழுப் பூ. புருவத்தை எடுத்துவிட்டு, நெற்றியில் கட்டைவிரலால் மை அப்பியது போல இரண்டு தீற்று. ஒருத்தி கையில் பட்டாம்பூச்சி. காலடியில் நாய்க்குட்டி, நடுவே ஒரு கொக்கு.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “கன்னிமாரா? ஆறு பேருதானே இருக்காங்க, இன்னொருத்தி எங்கப்பா?”

“கன்னிமார் இல்ல பெரியம்மா. அஞ்சு பேரு அரண்மனைப் பொம்பளைங்க, விசிறி வச்சிருக்கிறது வேலைக்காரி.”

அந்த வெள்ளிக்கிழமையே கண்ணாடியில் ஐந்து குங்குமப் பொட்டுகள் ஏறின. வேலைக்காரிக்கு இல்லை.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மசியவில்லை. மேலாடையையே உற்றுப் பார்த்தார். “உள்ள இருக்கிற கை தெரியுது. கோர்வையும் காணோம், ஜரிகையும் காணோம். இதை எந்தக் கடையில எடுத்துப்பான்?”

இப்படி மடக்கினால் இவர் சரித்திரத்துக்குள் புகுந்துவிடுவார். யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார், ராஜசிம்ம பல்லவன் 720இல் சீனத்துக்குத் தூது அனுப்பினான். இதுவரை சரி. “நம்ம தூதர் இவங்களை நேர்ல பாத்திருப்பாரு” என்பதுதான் உதைக்கிறது. சௌ ஃபாங் வரைந்தது அதற்கெல்லாம் பிந்தி. காபியைக் கையில் வைத்துக்கொண்டு காலக்கணக்கு பேசுவது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டேன்.

எந்தப் பேச்சானாலும் கடைசியில் குடவோலைக்கு வந்துவிடும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது. “வைகுண்டப் பெருமாள் கோயில்ல பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 921. சபைக்கு நிக்கணும்னா சொந்த மனையில வீடு இருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள. எனக்கு எல்லாம் இருக்கு. அன்னிக்கிப் பொறந்திருந்தா என் பேரு குடத்துல விழுந்திருக்கும்!”

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “ஏங்க, கணக்குக் காட்டாதவங்க நிக்கக் கூடாதுன்னும் அதே கல்வெட்டுலதானே இருக்கு? அந்தப் படம் என்ன விலைன்னு இன்னும் சொல்லலையே?”

அவர் என் பக்கம் திரும்பினார். “இந்தக் கொக்கை நீங்க சரியாப் பாக்கலைபோல இருக்கே?”