மூச்சு வாங்குகிறதா?

கடைவீதியில் இரண்டு மணி நேரம் நடந்தால் நுரையீரல் என்ன தேய்ந்தா போய்விடும்?

லண்டனில் நடக்கவைத்தே பார்த்துவிட்டார்கள்! டீசல் பேருந்துகளும் டாக்சிகளும் ஓடிய ஆக்ஸ்போர்டு தெருவில் ஒரு நாள், பக்கத்து ஹைட் பூங்காவில் ஒரு நாள் என்று ஆஸ்துமா உள்ள 60 பேர் இரண்டிரண்டு மணி நேரம் நடந்தார்கள். தெருவில் நடந்த நாளில், ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்று 6 சதவீதம் வரை குறைந்தது. பூங்காவில் அவ்வளவு குறையவில்லை. நடந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே கடை போட்டிருப்பவர்?

தூசியை வடிகட்டத்தானே மூக்கில் முடி இருக்கிறது?

தூசிக்குச் சரி. புகையின் நுண்துகள் 2.5 மைக்ரானுக்கும் சிறியது; தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அது மூக்கைத் தாண்டி நுரையீரலின் காற்றறைகள் வரை போய்விடும்.

ஓடியாடும் குழந்தைகளை மாசு என்ன செய்துவிடும்?

ஓடியாடுகிறவர்கள்தான் அதிகக் காற்றை இழுக்கிறார்கள்! தெற்குக் கலிஃபோர்னியாவில் 10 முதல் 18 வயது வரை பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நுண்துகள் மிகுந்த ஊரில் நுரையீரல் திறன் குறைந்தவர்கள், சுத்தமான ஊரைவிட ஏறக்குறைய 5 மடங்கு. வளரும் வயதில் விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம்.

இதற்கு மருந்தே கிடையாதா?

உண்டு, மருந்துக்கடையில் அல்ல! வாகனப் புகைக்கும் எரிபொருளுக்கும் கலிஃபோர்னியா கடும் விதிகள் போட்டது. 1990-களில் 15 வயதினரில் 8 சதவீதமாக இருந்த அந்த நுரையீரல் திறன் குறைபாடு, 2011-க்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்த மருந்தைக் கேளுங்கள்.