டிஃப் தேடும் மனிதர்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பக்கம் ஃபோர்டு கார் என்றால் சொந்த ஊர்ப் பாசம். பக்கத்து டேகன்ஹாமில் 2002 வரை ஃபியஸ்டாவையே செய்தார்கள். ஃபோர்டின் ஆய்வு மையம் இருக்கும் டன்டன் எசெக்ஸிலேயே இருக்கிறது. அந்த வட்டாரத்தில், 2013 மாடல் ஃபியஸ்டா எஸ்டி ஒன்றை வாசலில் நிறுத்தியிருக்கும் நடுவயதுக்காரரிடம் "வண்டி எப்படி?" என்று கேட்டுவிடாதீர்கள்.

"வண்டி நல்ல வண்டிதான். டிஃப்தான் இல்லை" என்பார்.

டிஃப் என்றால் டிஃபரென்ஷியல்; அது இல்லாமல் அந்த வண்டி வாசலை விட்டே ஒழுங்காகத் திரும்பாது. அவர் சொல்வது, ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட்-ஸ்லிப் டிஃபரென்ஷியலை. தனியாக வாங்கி கியர்பாக்ஸுக்குள் பொருத்த வேண்டிய சமாச்சாரம். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். இந்தத் தேடலில் அவர் காட்டும் சிரத்தையைக் கண்டால், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கூட வெட்கப்படுவார்.

விளக்கம் கேட்டால் பாரிஸிலிருந்து தொடங்குவார். 1820களின் கடைசியில் பெக்கர் என்ற கடிகாரக் கைவினைஞர், நீராவி வண்டிக்காக டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கர ஏற்பாட்டை அமைத்தார். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றினால் டயர் தேயும், வண்டி முரண்டு பிடிக்கும். ஆகவே, தனித்தனி வேகம். இதுவரை சுபம்.

கோளாறு ரவுண்டானாவில் வருகிறது. இங்கிலாந்தில் ரவுண்டானாவை வலமாகச் சுற்றுவார்கள். வண்டியின் எடையெல்லாம் இடப்பக்கம் சாய, வலது முன்சக்கரம் லேசாகிவிடும். 1.6 லிட்டர் டர்போ எஞ்சினின் 182 குதிரைத் திறனும் முன்சக்கரங்களுக்கே போகிறது. மழையில் இரண்டாம் கியரில் மிதித்தால் உள்டயர் 'கீச்'சென்று வெறுமனே சுழலும். "பிடிமானம் இல்லாத சக்கரத்துக்கே சக்தியெல்லாம் போய்விடுகிறது, அதானே?" என்று நீங்கள் தலையாட்டினால் மாட்டிக்கொண்டீர்கள். "இல்லை. இரண்டுக்கும் ஒரே அளவு டார்க்தான் போகும். லேசான சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும்" என்று திருத்துவார். அவர் சொல்வது சரி. அதுதான் அவரிடம் உள்ள பெரிய தொல்லை: எப்போதும் சரியாகவே சொல்வார்.

இதற்கு ஃபோர்டும் ஒரு வழி செய்துதான் கொடுத்தது. வளைவில் உள்சக்கரத்தை பிரேக்கே லேசாகப் பிடித்துக்கொள்ளும். நம்மவருக்கு அது அவமானம். "வேகமாகப் போக பிரேக் போடுவதா!"

அடுத்தது தேர்வுப் படலம். லிமிடெட்-ஸ்லிப் டிஃப்பில் இரண்டு கட்சிகள். ஒன்று, சாய்பல் பற்சக்கரங்களை வைத்தே வேலை செய்யும் ஹெலிகல் வகை. கென்ட் மாவட்டத்தின் குவைஃப் நிறுவனம் செய்வது இந்த ரகம். 2002இன் ஃபோக்கஸ் ஆர்எஸ்ஸில் ஃபோர்டே அதைப் பொருத்தியது. (அந்தக் கார் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்குகிறது என்று அன்றைய விமர்சகர்கள் புலம்பினார்கள். அந்த விமர்சனங்களை நம்மவர் பெருமையோடு காட்டுவார்.) தேய உராய்வுத் தட்டு கிடையாது, சத்தம் கிடையாது, எண்ணெயைத் தவிர வேறு பராமரிப்பும் கிடையாது.

மற்றது பிளேட் வகை. உள்ளே உராய்வுத் தட்டுகள், இறுக்கிப் பிடிக்கும். ஜப்பானின் குஸ்கோ, ஓஎஸ் கிக்கென் எல்லாம் இந்தக் கட்சி. இதில் ஒன்-வே, ஒன்றரை-வே, டூ-வே என்று உட்பிரிவுகள் வேறு: மிதிக்கும்போது மட்டும் பிடிக்குமா, காலை எடுத்தாலும் கொஞ்சம் பிடிக்குமா, முழுக்கப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. நம்மவரின் சாப்பாட்டு மேஜையில் 'ஒன்றரை' என்ற சொல் சர்க்கரைக் கரண்டியைக் குறித்து ஒலித்து வெகு காலமாயிற்று. பிளேட் வகை பந்தயத்தில் சூரன். சூப்பர் மார்க்கெட் வாசலில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போதோ கடகடவென்று முனகும். தட்டு தேய்ந்தால் கியர்பாக்ஸைக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும்.

கேட்டவுடனே நமக்கு விடை தெரிந்துவிடுகிறது. அவருக்கும் தெரியும். ஆனால் ஹெலிகலில் ஒரு குறை உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். அது லேசான சக்கரத்தின் டார்க்கைப் பெருக்கித்தான் மற்றதற்குத் தரும். சக்கரம் அந்தரத்தில் நின்றால்? பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். "அப்போது என்ன செய்வீர்கள்?" என்று வெற்றிப் பார்வை பார்ப்பார். ஃபியஸ்டா வளைவில் சக்கரத்தைத் தூக்குவது உண்மைதான். பெரும்பாலும் தூக்குவது உட்புறப் பின்சக்கரத்தை. முன்சக்கர டிஃப்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பிரான்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தளத்தின் ட்ரூயிட்ஸ் வளைவில் தம் கார் அப்படிக் கால் தூக்கி நிற்கும் படத்தை அவரே சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்.

செலவுக் கணக்கு தனிக் கூத்து. டிஃப்பைப் பொருத்த கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். இறக்கியது இறக்கினோம், கிளட்சையும் மாற்றிவிடலாமே. கிளட்சை மாற்றும்போது ஃப்ளைவீல்? பேரிங்குகள்? ஒரு சாமானில் தொடங்கிய சீட்டு, பக்கம் நிரம்பிய பிறகு மனைவியின் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும்.

காரில் எதை மாற்றினாலும் அங்கே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். முன்யோசனைக்காரர் ஆகையால், வாங்குவதற்கு முன்பே போன் செய்வார்.

"இதனால் காரின் வேகம் கூடுமா, சார்?"

"கூடாது."

"குதிரைத் திறன்?"

"அதுவும் கூடாது."

"பார்வைக்கு ஏதாவது மாறுமா?"

"வெளியே தெரியவே தெரியாது."

மறுமுனையில் சற்று மௌனம். "அப்படியானால் எதற்கு, சார்?"

அவர் பாரிஸிலிருந்து தொடங்குவார்.

இத்தனைக்கும் அவர் தினமும் போவது ரயில் நிலையத்துக்கு. வழியில் இருப்பது இரண்டு ரவுண்டானாக்கள். முன் டயர்களோ தேய்ந்து மொழுக்கையாகிவிட்டன. மழைச் சாலையில் பாதிக் குறை அங்கேயே இருக்கிறது. நல்ல டயரும் சரியான வீல் அலைன்மென்ட்டும் முதலில். அப்புறமும் மனசு கேட்காவிட்டால் ஹெலிகல். பந்தயம் ஓடுகிறவருக்கு மட்டும் பிளேட்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். 2018இல் வந்த அடுத்த ஃபியஸ்டா எஸ்டியில் குவைஃப் டிஃப்பைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தார்கள், 'பெர்ஃபார்மன்ஸ் பேக்' என்ற கூடுதல் தொகுப்பில். 2023இல் ஃபியஸ்டா உற்பத்தியே நின்றுவிட்டதால் இனி பழைய வண்டிதான். வாங்கும்போது அந்தத் தொகுப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.