கைப்பிடியும் பிறவினையும்: அம்பாங்கான் வழக்கு குறித்த ஓர் ஆராய்ச்சி

காலையில் மலேசியாவின் அம்பாங்கானிலிருந்து மோட்டார் சைக்கிளில் செனவாங் பட்டறைக்குப் போய், மாலையில் கிரீஸ் கையோடு வீடு திரும்பும் வர்க்கத்தில் அடியேனும் ஒருவன். மில்லிங் மெஷினின் கைப்பிடியை டிரில்லால் சுற்றும் வழக்கத்தை இலக்கண நோக்கில் ஆராய எனக்குள்ள தகுதி அது ஒன்றுதான். புலவர்கள் இத்துறையைத் தொட்டதாகத் தெரியவில்லை. தொட்டிருந்தால் வேட்டி கறையாகியிருக்கும்.

முதலில் பாடச் சிக்கல். மேசையைத் தாங்கி, கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஏறி இறங்கும் பாகத்துக்கு ஆங்கிலத்தில் முழங்கால் என்று பெயர். பட்டறையில் அது 'நீ'. முதலாளி தூரத்திலிருந்து "நீ ஏத்து!" என்று கத்தும்போது, அந்த 'நீ' முன்னிலை ஒருமை எழுவாயா, ஐ உருபு தொக்கி நின்ற முழங்காலா? எப்படிப் பிரித்தாலும் சுற்றப்போவது நான்தான் என்பதால் உரையாசிரியர்கள் இதில் மெனக்கெட வேண்டியதில்லை.

எவ்வளவு சுற்ற வேண்டும்? 1938இல் அமெரிக்காவில் பிறந்த பிரிட்ஜ்போர்ட் மெஷினில் ஒரு சுற்றுக்கு மேசை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு ஏறும், அதாவது 2.54 மில்லிமீட்டர். மெஷினில் நீளமான டிரில் சக்கைக் கழற்றிக் குட்டையான காலெட் மாட்டிவிட்டு மேசையை 6 அங்குலம் மேலே கொண்டுவர 60 சுற்று. இரும்பு மேசை, மேலே வைஸ், அதற்கும் மேலே வேலைப்பொருள். நாற்பதாவது சுற்றில் தோள்பட்டை தன் கருத்தைத் தெரிவிக்கும். இறக்கும்போது மட்டும் பாரம் நம் கட்சி.

தாத்தாவும் கைப்பிடி சுற்றியவர்தான். பெரிய தோட்டத்து ஆலைகளில் எஞ்சின் செய்த வேலையைச் சிறு கித்தா (ரப்பர்) தோட்டங்களில் கை செய்தது. ஒருவர் உறைந்த பாலை உருளைகளுக்கிடையே கொடுப்பார், மற்றவர் சுற்றுவார். வழுவழு உருளையில் சில தடவை, வரி விழும் உருளையில் ஒரு தடவை, அப்புறம் புகைக்கொட்டகை. தாத்தா சுற்றினார். தூய தன்வினை.

எங்கள் வழக்கு வேறு. கைப்பிடியைக் கழற்றிவிட்டு, தண்டின் முனையிலுள்ள பற்களில் கவ்வும்படி லேத்தில் கடைந்த ஒரு குட்டைத் துண்டை டிரில்லில் இறுக்கி, கியரை 1இல் வைத்து, விசையை அழுத்துவோம். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் 60 சுற்றுக்கு 12 வினாடி. நன்னூலார் வி, பி விகுதிகளால் சாதித்ததைப் பேட்டரி சாதித்துவிடுகிறது. தாத்தா சுற்றினார், பேரன் சுற்றுவிக்கிறான். கை படாத கைப்பிடியோ காரணப்பெயர் என்ற அந்தஸ்தை இழந்து இடுகுறியாகிறது.

இம்பேக்ட் டிரைவர் இதற்கு ஆகாது. அது இரட்டைக்கிளவியில் பேசும் கருவி. கடகடவென்று தட்டித் தட்டித்தான் சுற்றும். திருகுத்தண்டும் கியர்ப் பற்களும் அந்த நடையைத் தாங்கா.

இனி, ஆய்வின் வலிமிகும் இடம். முழங்காலின் பக்கவாட்டில் ஒரு பூட்டு உண்டு. அதைத் தளர்த்த மறந்து விசையை அழுத்தினால் தண்டு அசையாது. தண்டு அசையாததால் டிரில் சுற்றும். டிரில்லைப் பிடித்த மணிக்கட்டும் சுற்றும். எழுவாய் ஒரு நொடியில் செயப்படுபொருள் ஆகிவிடுவான். இது நியூட்டனின் மூன்றாம் விதி என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு வாரம் கரண்டியால் சோறு தின்றதுதான்.

போன மாதம் பேட்டரி நாற்பத்தொன்றாவது சுற்றில் படுத்துவிட்டது. கைப்பிடியை ஏழு பேர் தேடினோம். டூல் பெட்டியில் இல்லை, லேத்துக்கடியில் இல்லை, கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்ததும் வேறு இரும்பு. கடைசியில் சாமிப் படத்தடியில் கிடைத்தது. ஆயுத பூஜைக்குக் கழுவி வைத்ததை அப்புறம் யாரும் எடுக்கவேயில்லை. சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. டிரில்லுக்குப் பொட்டில்லை. பூஜை அன்று அது சார்ஜில் இருந்தது.

பொட்டு அழியாமல் மாட்டி, மீதிப் பத்தொன்பதையும் சுற்றினேன்.